யூனிக்ஸ் பணிநிலையங்களில் சீரியல் வழி இணைய இணைப்பு

ஈத்தர்நெட் போன்ற அகப் பிணையம் எட்டாத இடத்தில் இருக்கும் கணினியை, அதன் சீரியல் போர்ட், ஒரு மோடம், தொலைபேசிக் கம்பி ஆகிய மூன்றையும் மட்டும் கொண்டு இணையத்தின் முழு உறுப்பாக்கும் முறை சீரியல் வழி இணைய இணைப்பு எனப்படும். சீரியல் போர்ட் தரவை ஒரு நேரத்தில் ஒரு பிட்டாக வரிசையில் அனுப்பும் வாயில். மோடம் அந்தப் பிட்டுகளைத் தொலைபேசிக் கம்பி சுமக்கக்கூடிய ஒலியாகவும், ஒலியை மீண்டும் பிட்டுகளாகவும் மாற்றும் கருவி. சன், டிஜிட்டல், ஹியூலெட்-பேக்கார்ட், சிலிக்கான் கிராபிக்ஸ், ஐபிஎம், நெக்ஸ்ட் ஆகிய நிறுவனங்கள் 1980களிலும் 1990களிலும் விற்ற யூனிக்ஸ் பணிநிலையங்களில், அதாவது ஆய்வாளர்களும் பொறியாளர்களும் தம் மேசையில் வைத்துப் பயன்படுத்திய ஆற்றல் மிக்க கணினிகளில், இந்த வசதி எவ்வாறு உண்டாயிற்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஸ்லிப், பிபிபி என்ற இரண்டு நெறிமுறைகளின் பெயர்களே இவ்வரலாற்றில் பெரிதும் பேசப்படுகின்றன. ஆனால் உழைப்பில் பெரும்பங்கு, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் அவற்றுக்கு இடம் தேடுவதிலேயே செலவாயிற்று.

சீரியல் போர்ட்டை யூனிக்ஸ் தொடக்கத்திலிருந்தே முனையத்துக்கான வாயிலாகவே கண்டது. மறுமுனையில் ஒருவர் விசைப்பலகையில் தட்டுகிறார், அவர் தட்டும் எழுத்தைத் திரும்பக் காட்ட வேண்டும், அழிப்பு விசைக்கு ஒரு பொருள் உண்டு, வரி முடிந்ததும் அதை நிரலிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புகளைச் சுற்றியே அதன் முனைய அடுக்கு கட்டப்பட்டிருந்தது. பிணைய அடுக்கோ, பொதிகளை, அதாவது முகவரி தாங்கிய தரவுத் துண்டுகளை, மட்டுமே அறியும். இவ்விரண்டு அடுக்குகளும் கெர்னலில் தனித்தனியே வளர்ந்தவை. தொலைபேசி வழியே யூனிக்ஸ் கணினிகளை இணைத்த யூயூசிபி என்ற பழைய முறை, கோப்புகளையும் அஞ்சல்களையும் சேர்த்து வைத்து, குறித்த நேரத்தில் அழைத்து, ஒப்படைத்துவிட்டு இணைப்பைத் துண்டித்ததால், அதற்கு முனைய அடுக்கே போதுமானதாக இருந்தது. டெல்நெட் வழியே தொலைவிலுள்ள கணினியில் நேரடியாகப் பணிபுரிய விரும்பியவருக்குத்தான் இரு அடுக்குகளையும் இணைக்கும் தேவை எழுந்தது.

அந்தப் பாலத்தின் முதல் வடிவம் 1980களின் தொடக்கத்தில் இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளான டிசிபி/ஐபிக்காக 3காம் நிறுவனம் எழுதிய யூநெட் என்ற மென்பொருளில் தோன்றியது. ஏறத்தாழ 1984இல் ரிக் ஆடம்ஸ் அதே முறையைப் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸுக்கும் சன் பணிநிலையங்களுக்கும் எழுதி எல்லோருக்கும் வழங்கினார். பரவலாக அறியப்பட்ட ஸ்லிப் இதுவே. இதன் விதி மிகச் சிறியது. ஒவ்வொரு பொதியின் முடிவிலும் 192 என்ற மதிப்புடைய பைட் வைக்கப்படும். பொதிக்குள்ளேயே 192 வந்துவிட்டால் அதற்குப் பதிலாக 219, 220 என்ற இரு பைட்டுகளும், 219 வந்துவிட்டால் 219, 221 என்ற இரு பைட்டுகளும் அனுப்பப்படும். பொதியின் தொடக்கத்திலும் ஒரு 192ஐ அனுப்பினால், கம்பியில் இரைச்சலால் சேர்ந்த குப்பை தனியொரு போலிப் பொதியாகப் பிரிந்து தள்ளப்பட்டுவிடும் என்ற யோசனையை ஃபில் கார்ன் தந்தார். இதற்கு மேல் நெறிமுறையில் எதுவுமில்லை. 1988 ஜூனில் ஜே. ராம்கி இதை இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 1055ஆம் ஆவணமாகப் பதிவுசெய்தபோது, இது தரநிலை அன்று என்பதைத் தலைப்பிலேயே குறித்தார்; நீளமான பொதிக்கு 1,006 பைட் என்ற வரம்பையும், பெர்க்லி நிரலில் இருந்தபடியே, அந்த ஆவணம் பரிந்துரைத்தது.

பெர்க்லி யூனிக்ஸில் இதைப் பொருத்தியது எளிய உத்தியால்தான். அங்கு முனைய அடுக்கின் நடத்தையைத் தீர்மானிக்கும் பகுதி, கம்பி ஒழுங்கு என்ற பெயரில், மாற்றி வைக்கக்கூடியதாக இருந்தது. ஆகவே எழுத்துகளைத் திரும்பக் காட்டும் வழக்கமான ஒழுங்கை நீக்கிவிட்டு, வரும் பைட்டுகளைச் சேர்த்துப் பொதியாக்கிப் பிணைய அடுக்கிடம் கொடுக்கும் ஒழுங்கை அவ்விடத்தில் வைத்தார்கள். ஸ்லாட்டாச் என்ற சிறு நிரல் போர்ட்டைத் திறந்து, வேகத்தை அமைத்து, ஒழுங்கை மாற்றிவிட்டு, அதன்பின் எதுவும் செய்யாமல் உறங்கிக்கொண்டிருக்கும். அது முடிந்துவிட்டால் போர்ட் மூடப்பட்டு இணைப்பும் போய்விடும் என்பதாலேயே அது உயிரோடு வைக்கப்பட்டது. 4.3 பிஎஸ்டியுடன் ஸ்லிப் வெளிவந்ததால், பெர்க்லியின் வழிவந்த அல்ட்ரிக்ஸ் போன்ற இயங்குதளங்களுக்கும் அது கிடைத்தது. மூலநிரல் உரிமம் பெறாதவர்களும் இதைச் சேர்க்க முடிந்ததற்குக் காரணம், கெர்னலின் பகுதிகளை, இயந்திரமொழிக்கு மாற்றப்பட்ட பொருள்கோப்புகளாகச் சில நிறுவனங்கள் வாங்குவோருக்கே தந்திருந்ததுதான். புதிய நிரலை மட்டும் இயந்திரமொழிக்கு மாற்றி, அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, மொத்தத்தையும் மீண்டும் கோத்துப் புதிய கெர்னலை உருவாக்கி, கணினியை மறுதொடக்கம் செய்வார்கள்.

சன் பணிநிலையங்களில் இந்த வழி 1988இல் வந்த சன்ஓஎஸ் 4.0உடன் அடைபட்டது. அதில் முனைய அடுக்கு ஸ்ட்ரீம்ஸ் என்ற முறைக்கு மாற்றப்பட்டது. ஒன்றன் மேல் ஒன்றாகக் கூறுகளை அடுக்கி, அவற்றினூடே செய்திகளை மேலும் கீழும் அனுப்பும் இம்முறை, சிஸ்டம் ஐந்து யூனிக்ஸிலிருந்து வந்தது. பிணைய அடுக்கு மட்டும் பெர்க்லி முறையிலேயே இருந்தது. தரவைத் தாங்கும் நினைவகத் துண்டுகளின் வடிவம்கூட இரண்டிலும் வெவ்வேறு. ஸ்ட்ரீம்ஸ் பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு பொதியையும் பெர்க்லி வடிவத்துக்கு மாற்றி எழுதித்தான் மேலே அனுப்ப வேண்டியிருந்தது. பழைய ஸ்லிப் நிரல்கள் பயனற்றுப் போக, அவை புதிதாக எழுதப்பட்டன. ஒரே நெறிமுறை ஒவ்வொரு நிறுவனத்தின் யூனிக்ஸுக்கும் தனித்தனியே மறுபிறவி எடுக்க வேண்டியிருந்த நிலையை இந்த ஓர் எடுத்துக்காட்டே தெளிவாகக் காட்டுகிறது.

ஸ்லிப்பின் குறைகளை அதைப் பதிவுசெய்த ஆவணமே ஒளிக்காமல் கூறியது. இருமுனைகளும் தம் முகவரியை ஒன்றுக்கொன்று சொல்ல வழியில்லை; கம்பியில் ஐபி தவிர வேறு நெறிமுறையை அனுப்ப முடியாது; பிழையைக் கண்டறியும் ஏற்பாடும் இல்லை. கடைசிக் குறை மற்றவற்றைவிடக் கொடியது. டிசிபி தன் சரிபார்ப்புத் தொகையால் சிதைந்த பொதியைக் கண்டு தள்ளிவிடும். ஆனால் தொலைக் கோப்பு முறையான என்எஃப்எஸ் அன்று டிசிபிக்குப் பதிலாக யூடிபி என்ற எளிய நெறிமுறை மேல் இயங்கியது. வேகத்துக்காக யூடிபியின் சரிபார்ப்பைச் சன்ஓஎஸ் இயல்பாகவே அணைத்து வைத்திருந்தது. ஈத்தர்நெட் தன்னளவில் பிழைகளைப் பிடித்துவிடும் என்ற நம்பிக்கையில் எடுக்கப்பட்ட இம்முடிவு, இரைச்சல் மிகுந்த தொலைபேசிக் கம்பியில் சிதைந்த தரவு ஓசையின்றிக் கோப்புக்குள் நுழைய இடம் கொடுத்தது.

வேகக்குறைவு இன்னொரு தடை. டெல்நெட்டில் ஒரே ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த ஒரு பைட்டுடன் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கான 40 பைட்டும் சேர்ந்து செல்கின்றன. நொடிக்கு 2,400 பிட் மோடமில், ஒவ்வொரு பைட்டோடும் தொடக்க, முடிவுப் பிட்டுகளும் செல்வதால், நொடிக்கு 240 பைட்டே போகும் ஆகையால், 41 பைட் செல்லவே ஏறத்தாழ 170 மில்லிநொடி பிடிக்கும். எதிரொலி திரும்பிவர அதே அளவு மீண்டும் வேண்டும். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன், ஒரே இணைப்பின் அடுத்தடுத்த தலைப்புகளில் பெரும்பகுதி மாறாமலும், மாறுவதும் சிறிதளவே மாறியும் இருப்பதைக் கண்டு, மாற்றத்தை மட்டும் அனுப்பும் முறையை வகுத்தார். 1990 பிப்ரவரியில் 1144ஆம் ஆவணமாக வந்த இம்முறையில், 40 பைட் தலைப்பு பெரும்பாலும் 3 முதல் 5 பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. கோப்பு ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போது தட்டிய எழுத்து நெடுநேரம் காத்திருக்கக் கூடாதென்பதற்காக, பொதியின் நீளத்தை 296 பைட்டாகக் குறைப்பதும் வழக்கமாயிற்று. இச்சுருக்கத்துடன் கூடிய ஸ்லிப் சிஸ்லிப் எனப்பட்டது. மெதுவான கம்பியில் உரையாடல் முறைப் பணியைத் தாங்கக்கூடியதாக ஆக்கியது இதுவே என்பதால், இந்நெறிமுறைக் குடும்பத்தின் மிக மதிப்புள்ள கண்டுபிடிப்பாக இதையே கொள்ள வேண்டும்.

குறைகளைத் தீர்க்க வந்த தரநிலை பிபிபி, அதாவது முனையிடை நெறிமுறை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ட்ரூ பெர்கின்ஸ் 1989 நவம்பரில் முன்வரைவை வெளியிட்டார். பல திருத்தங்களுக்குப் பின் 1994 ஜூலையில் 1661, 1662 எண்ணுள்ள ஆவணங்களாக அது நிலைபெற்றது. பொதியைச் சுமக்கும் உறையான ஒவ்வொரு சட்டகத்தின் முடிவிலும் 16 பிட் சரிபார்ப்பு உண்டு. உள்ளிருப்பது எந்த நெறிமுறை என்பதைக் கூறும் புலமும் உண்டு. இணைப்பு ஏற்பட்டதும் இரு முனைகளும் முதலில் கம்பியின் இயல்புகளைப் பேரம் பேசி முடிவுசெய்து, பின் கடவுச்சொல் மூலமோ, கடவுச்சொல்லைக் கம்பியில் அனுப்பாமல் அறைகூவலும் விடையுமாகவோ அடையாளம் உறுதிசெய்து, இறுதியில் ஐபி முகவரியை ஒத்துக்கொள்கின்றன. ஸ்லிப்பில் சேவையகம் திரையில் அச்சிடும் முகவரியைக் கையால் குறித்துக்கொண்டோ, ஒரு குறுநிரலால் படித்தெடுத்தோ அமைக்க வேண்டியிருந்த வேலை இதனால் நீங்கிற்று. மோடம்கள் ஓட்டத்தை நிறுத்தவும் தொடரவும் பயன்படுத்திய 19, 17 என்ற பைட்டுகளைத் தரவில் வரவிடாமல் மறைக்கவும் பிபிபியால் முடிந்தது. ஸ்லிப்பால் அது இயலாது.

தொடக்கக் காலப் பிபிபி நிரலின் பிஎஸ்டி பகுதி, ஆடம்ஸின் ஸ்லிப் நிரலை அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டது. சன்ஓஎஸுக்கான ஸ்ட்ரீம்ஸ் கூறுகளைப் பிராட் கிளெமெண்ட்ஸ் எழுதினார். அங்கு ஒன்று பைட்டுகளைச் சட்டகமாக்கவும், ஒன்று தலைப்பைச் சுருக்கவும், ஒன்று பெர்க்லிப் பிணைய அடுக்கோடு பேசவும் என மூன்று கூறுகள் அடுக்கப்பட்டன. பேரம் பேசும் பகுதி கெர்னலுக்கு வெளியே, பிபிபிடி என்ற சாதாரண நிரலில் இருந்தது. இந்தப் பிரிவினை மிகத் தெளிவான முடிவு: புதிய இயங்குதளம் ஒன்றுக்குக் கொண்டுபோகும்போது கெர்னல் பகுதியை மட்டும் எழுதினால் போதும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் பால் மக்கராஸ் இதைப் பொறுப்பேற்று வளர்த்தபின், சன்ஓஎஸ், சோலாரிஸ், அல்ட்ரிக்ஸ், டிஜிட்டல் யூனிக்ஸ், நெக்ஸ்ட்ஸ்டெப், லினக்ஸ் எனப் பலவற்றிலும் ஒரே பிபிபிடி இயங்கியது. ஆதரவோடு வாங்க விரும்பியவர்களுக்கு ஒஹாயோவின் மார்னிங் ஸ்டார் டெக்னாலஜீஸ் போன்ற நிறுவனங்கள் வணிகப் பதிப்புகளை விற்றன. தேவைப்படும்போது தானாகவே தொலைபேசியில் அழைத்து, பொதி எதுவும் செல்லாதபோது துண்டிக்கும் ஏற்பாடு, லியோ லான்சிலோவும் கிரெய்க் பார்ட்ரிஜும் 1989 யூசினிக்ஸ் மாநாட்டில் விளக்கிய மென்பொருளிலேயே இருந்தது.

பணிநிலைய நிறுவனங்கள் இதைத் தாமே தர நாளாயிற்று. அவர்களுடைய வாடிக்கையாளர் ஈத்தர்நெட் உள்ள அலுவலகத்தில் இருந்தார். வீட்டிலிருந்து அழைப்பவர் சிறுபான்மை. சிலிக்கான் கிராபிக்ஸின் ஐரிக்ஸ் இதில் விலக்காக, வெர்னன் ஷ்ரைவர் எழுதிய ஸ்லிப்பையும் பிபிபியையும் கொண்டிருந்தது. சன் தன் முதல் பிபிபியை 1993இல் வந்த சோலாரிஸ் 2.3இல் சேர்த்தது. பின்னர் சோலாரிஸ் 9இல் அதைக் கைவிட்டு, மக்கராஸ் வளர்த்த நிரலை அடிப்படையாகக் கொண்ட பதிப்பையே அந்த இடத்தில் வைத்தது.

மென்பொருள் அமைந்த பின்னும் வன்பொருள் தடையாக நின்றது. சன்னின் ஸ்பார்க்ஸ்டேஷன் பணிநிலையங்களின் சீரியல் போர்ட்டை இயக்கிய ஜைலாக் 8530 சில்லில், வரும் பைட்டுகளுக்கு மூன்றே இடங்கள். நொடிக்கு 38,400 பிட் வேகத்தில் ஒரு பைட் ஏறத்தாழ 260 மைக்ரோநொடிக்கு ஒருமுறை வருவதால், கெர்னல் முக்கால் மில்லிநொடி வேறு வேலையில் இருந்தாலே பைட் தொலைந்துவிடும். சில்லின் சேமிப்பு நிரம்பி வழிந்ததென்ற எச்சரிக்கை கன்சோலில் வந்து விழும். பல இயங்குதளங்களில் 38,400 என்பதே போர்ட்டின் உச்ச வேகமாகவும் இருந்தது. 1994இல் வி.34 தரநிலை மோடம்கள் கம்பியில் 28,800 பிட்டை எட்டி, தரவுச் சுருக்கத்தையும் சேர்த்தபோது, போர்ட்டே குறுகிய வழியாகிவிட்டது. மோடமும் கணினியும் தனிக் கம்பிகளால் ஒன்றையொன்று நிறுத்தச் சொல்லும் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாட்டைச் சரியாக அமைக்காமல் விடுவதும் இணைப்புகள் தடுமாறப் பொதுவான காரணம். சோலாரிஸில் வெளிச்செல்லும் திசைக்கும் உள்வரும் திசைக்கும் அது தனித்தனியே இயக்கப்பட வேண்டியிருந்தது.

கெர்னலைத் தொட உரிமையில்லாத பயனருக்கு வேறொரு வழி பிறந்தது. 1990களின் நடுவில் டானி கஸ்பரோவ்ஸ்கி எழுதிய ஸ்லிர்ப், யூனிக்ஸ் கணினியில் சாதாரணப் பயனரின் நிரலாகவே இயங்கி, மோடம் வழியே ஸ்லிப் அல்லது பிபிபி பேசி, வரும் பொதிகளைத் தன் பெயரில் சாதாரணப் பிணைய அழைப்புகளாக மாற்றி வெளியே அனுப்பியது. டிஐஏ என்ற வணிக மென்பொருளும் இதே வேலையைச் செய்தது. எழுத்துவடிவக் கட்டளைகளுக்கு மட்டும் இடமளித்த ஷெல் கணக்குகளை வைத்திருந்தோருக்கு இது பெருங்கொடை. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கிய விஎஸ்என்எல்லும் ஷெல் கணக்கு, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள டிசிபி/ஐபி கணக்கு என இருவகையாகவே விற்றது.

லினக்ஸ் கெர்னலில் பிபிபி நிரல் இன்றும் பராமரிக்கப்படுகிறது. ஈத்தர்நெட் மேல் பிபிபியைச் செலுத்தும் முறையை 1999இல் 2516ஆம் ஆவணம் விவரிக்க, அது டிஎஸ்எல் இணைப்புகளில் பரவியது. ஸ்லிர்ப்பின் நிரல் கியூஇஎம்யூ என்ற மெய்நிகர்க் கணினி மென்பொருளில் விருந்தினர் கணினிக்குப் பிணையம் தரும் பகுதியாகத் தொடர்கிறது. பழைய பணிநிலையங்களைப் பேணுவோர், மோடம் இருந்த இடத்தில் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் மாற்றிக் கோத்த ஒரு கேபிளை வைத்து, மறுமுனையில் பிபிபிடி ஓடும் சிறு லினக்ஸ் கணினியை இணைத்து, 38,400 பிட் வேகத்திலேயே அவற்றைப் பிணையத்தில் சேர்க்கிறார்கள்.