சொந்த லாரித் தொழிலின் வருவாய்

சொந்த லாரித் தொழில் என்பது கடனிலோ கைப்பணத்திலோ சரக்கு லாரி வாங்கி, வாடகைக்கு லோடு ஏற்றிச் சம்பாதிக்கும் தொழில். தமிழ்நாட்டில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரம் இதற்குப் பேர்போனது. பாடி கட்டும் பட்டறைகளும் எரிவாயு டேங்கர்களும் நாமக்கல்லின் அடையாளம். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் மிகுதி. இந்தத் தொழிலில் என்ன கிடைக்கும் என்று கேட்டால் பெரும்பாலோர் மாத வாடகை வரவைச் சொல்வார்கள். அந்தக் கணக்கு ஆளை ஏமாற்றும். ஒற்றை லாரி வைத்திருப்பவரின் உண்மையான லாபம், கடன் தவணையான டியூவைக் கடைசிவரை கட்டி முடிப்பதற்கும் வண்டிக்கு வயதாகிப்போவதற்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளில்தான் இருக்கிறது.

செலவிலிருந்து தொடங்குவோம். லோடு ஏற்றிய பத்துச் சக்கர லாரி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் அளவில் ஓடும். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 250 லிட்டர், 23,000 ரூபாய். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பினால் மைலேஜ் கொஞ்சம் கூடும். ஆறு கிலோமீட்டர் கொடுத்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் டீசலுக்கே போய்விடும், வரவு ஒரு காசு இல்லை. இதன்மேல் சுங்கம், டிரைவர் பேட்டா, டயர், புக்கிங் கமிஷன், ஆண்டுக்கு ஏறத்தாழ 44,000 ரூபாய் வரும் மூன்றாம் தரப்புக் காப்பீடு. டீசலைப் பங்க்கில் பணம் கொடுத்துப் போட வேண்டும். வாடகையிலோ ஒரு பகுதிதான் முன்பணம், பாக்கி சரக்கு இறங்கி ரசீது திரும்பிய பிறகே கைக்கு வரும். வண்டி நின்றாலும் டியூ நிற்பதில்லை. அதனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, திரும்பும் வழியில் லோடு இருந்ததா, இறக்குமிடத்தில் எத்தனை நாள் காத்துக் கிடந்தது என்பவையே வருவாயைத் தீர்மானிக்கின்றன.

அரசு இந்த வருவாயை எப்படி மதிப்பிட்டது என்பதற்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏஇ பிரிவு சான்று. பத்து லாரிக்கு மேற்படாதவர்களுக்கான இந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டபோது, 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு மொத்த எடையில் டன்னுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருமானம் என அனுமானித்தது. 28.5 டன் வண்டிக்கு மாதம் 28,500 ரூபாய். தேய்மானமும் இதற்குள் அடக்கம். உரிமையாளரே ஓட்டினால் டிரைவர் சம்பளம் மிச்சமாகுமே என்று கேட்கலாம். அது அவருடைய உழைப்புக்கு உரிய கூலி. முதலீட்டின் லாபத்தில் அதைச் சேர்க்கக் கூடாது. கூலியைக் கழித்துவிட்டால் டியூ கட்டும் நான்கைந்து ஆண்டுகளில் முதலுக்கென்று மிஞ்சுவது சொற்பம். டியூ முடிந்த பிறகுதான் கை நிமிரும். ஆனால் வண்டிக்கு எட்டு ஆண்டு கடந்ததும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றை ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். பல அச்சு வண்டிகள் நீங்கலாக, 12 ஆண்டைத் தாண்டிய லாரிக்கு நேஷனல் பெர்மிட் கிடையாது. பல அச்சு வண்டிக்கு அந்த வரம்பு 15 ஆண்டு.

கிளீனராகத் தொடங்கி இருபது வண்டிக்கு முதலாளியானவர்கள் நாமக்கல்லில் இல்லையா என்பது வலுவான மறுப்பு. இருக்கிறார்கள், அவர்களின் உழைப்பைக் குறைத்துப் பேச இடமில்லை. அவர்கள் எழுந்ததற்கு உறவுமுறைக் கைமாற்றும், ஊருக்குள்ளேயே பட்டறையும், சென்னையில் 1979இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் போன்ற நிறுவனங்கள் பழைய வண்டிக்குக் கொடுத்த கடனும் துணை நின்றன. டேங்கர்காரர்களுக்கு எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்தம் இருந்தது. காலியாகத் திரும்பும் தூரமும் அந்த வாடகையில் சேரும். பொதுச் சந்தையில் லோடு தேடும் ஒற்றை லாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கூடுதல் பாரம் ஏற்றிச் சரிக்கட்டும் பழைய வழியும் அடைபட்டுவிட்டது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. சாலைக்கும் உயிருக்கும் அது நல்லது என்பதில் ஐயமில்லை. அந்தத் திருத்தத்துக்கு முந்தைய ஆண்டு அச்சுப் பார வரம்பை உயர்த்தியதும் வருவாயைக் கூட்டவில்லை என்றே சொல்ல வேண்டும். எல்லா வண்டியும் கூடுதலாகச் சுமக்கும்போது அதே சரக்குக்கு லாரிகள் மிகுந்து, டன் வாடகை இறங்கும்.

இதற்குத் தீர்வாக வாடகையை அரசு நிர்ணயிக்கலாமே என்றால், விலைவாசி ஏறும், போட்டி குலையும் என்பார்கள். கட்டுப்பாடற்ற போட்டியில் நட்டத்தைச் சுமப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். டீசல் விலை 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது; 2017 ஜூன் முதல் நாள்தோறும் மாறக்கூடியதாயிற்று. வாடகை அதைத் தொடர்ந்து தானாக ஏறுவதில்லை. டீசல் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால், அதற்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, பேருந்துக் கட்டணத்தைப் போலவே சரக்கு வாடகைக்கும் உச்ச வரம்பும் கீழ் வரம்பும் வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. முழு வாடகையையும் நிர்ணயிக்க வேண்டியதில்லை. டீசல் விலையோடு ஏறி இறங்கும் ஒரு கீழ் வரம்பை மட்டும் இந்தப் பிரிவின்கீழ் வகுத்தால், ஒற்றை லாரிக்காரர் டியூ கட்டும் ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்க வழி உண்டு.