தொட்டியைத் துப்புரவாக்கும் மீன்

வண்ண மீன் வளர்க்கும் இல்லங்களிலே, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு அசையாது கிடக்கும் கரிய மீனொன்றை நேயர்கள் கண்டிருப்பீர்கள். தலையின் அடிப்புறத்திலுள்ள உறிஞ்சு வாயினாற் பாசியைச் சுரண்டி உண்பது அதன் இயல்பு. கடைக்காரர் அதனை ‘டாங்க் கிளீனர்’ என்று கூறி விற்பர். தென்னமெரிக்க ஆறுகளுக்குரிய இக்கெளிற்று மீன் நம் வீட்டு வேலையாளாகிய வரலாறு அறியத்தக்கது.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு, 1758 ஆம் ஆண்டிலே இவ்வகை மீனொன்றுக்குப் பெயரிட்டார். செதில்களுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் போர்த்த அம்மீனை அவர் ஸ்டர்ஜன் மீன்களின் சாதியிற் சேர்த்துவிட்டார். அது கெளிற்றினத்தது என்பது பின்னரே தெளிவாயிற்று.

அக்காலத்தில் மீன்தொட்டிக் கலை வளர்ந்திருக்கவில்லை. 1850 ஆம் ஆண்டில் இலண்டன் இரசாயன அறிஞர் இராபர்ட் வாரிங்டன், தாம் செய்த பரிசோதனையொன்றை வெளியிட்டார். தொட்டியொன்றில் இரு பொன்மீன்களையும் நீர்த்தாவரத்தையும் அவர் இட்டிருந்தார். தாவரம் மீனுக்கு ஒட்சிசனை அளித்தது. ஆயினும் அழுகிய இலைகளாலும் பாசியாலும் நீர் கலங்கிற்று. குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டதும் நீர் தெளிந்தது. தொட்டிக்குத் துப்புரவாளன் ஒருவன் வேண்டுமென்னும் எண்ணம் அன்றே வேரூன்றிற்று. மூன்றாண்டுகளின் பின், 1853 இல், இலண்டன் விலங்கியற் பூங்காவிலே மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. வீட்டிலே மீன் வளர்க்கும் ஆசையும் பரவிற்று. இருபதாம் நூற்றாண்டிலே, நத்தை செய்த வேலையைத் தென்னமெரிக்கக் கெளிறும் ஏற்றுக்கொண்டது.

ஆயினும் வாங்குவோர் பலர் அறியாத செய்தியொன்றுண்டு. விரலளவிலே விற்கப்படும் இம்மீன், நாற்பது சென்ரிமீற்றருக்கு மேலும் வளர வல்லது. பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். சிறு தொட்டியிலுள்ள பாசி அதன் பசிக்குப் போதாது. வெள்ளரிக்காய் முதலிய மரக்கறிகளை நாமே இடல் வேண்டும். தொட்டி சிறுத்துப்போனதும், கொல்ல மனமின்றி, அருகிலுள்ள குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுவோர் உளர். அவ்விரக்கமே தீங்கிற்கு வித்தாகின்றது.

இம்மீன் கரை மண்ணைக் குடைந்து வளை அமைத்து முட்டையிடும், ஆண்மீன் காவலிருக்கும். நீரில் ஒட்சிசன் குன்றினால், காற்றை விழுங்கி இரைப்பையாற் சுவாசிக்கும். இதனால் அந்நிய நீரிலும் எளிதிலே பெருகும். 1960களில் அமெரிக்காவின் சான் அந்தோனியோ ஆற்றில் இது இனம்பெருக்கியமை அறியப்பட்டது. மெக்சிக்கோவின் இன்பியர்னில்லோ நீர்த்தேக்கத்திலே, 2000 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், திலாப்பியா பிடித்து வாழ்ந்த மீனவரின் வலைகளை இம்மீனே நிறைத்தது. இலங்கையின் நீர்நிலைகளிலும் இன்று இது ஆக்கிரமிப்பு இனமாகக் காணப்படுகின்றது. மண்ணாலாய குளக்கட்டுகளை நம்பிப் பயிர்செய்யும் நாட்டிலே, கரையைக் குடையும் மீனை அலட்சியம் செய்தலாகாது.

அமேசன் பகுதி மக்களுக்கு இது நல்லுணவு. ஆங்கே இது பகையன்று. குற்றம் மீனுடையதன்று. முதலில் அதன் இனத்தைத் தவறாகக் கணித்தோம். பின்னர் அதனை வெறும் துடைப்பமாகக் கருதினோம். வாங்குமுன் அதன் வளர்ச்சியை அறிதலும், வைத்திருக்க இயலாதவிடத்து வேறொரு வளர்ப்பாளரிடம் அல்லது கடைக்காரரிடம் ஒப்படைத்தலும் நம் கடமையாம். குளத்திலே விடுதல் ஒருபோதும் கருணையாகாது.