ஜப்பானியரின் பருவச் சடங்கும் அதன் சொற்களும்

ஒரு சமுதாயம் தன் இளையோரை எப்பொழுது பெரியோராக ஏற்கிறது என்பதை அறியச் சட்டநூலை மட்டும் புரட்டினால் போதாது; அந்த ஏற்புக்கு அச்சமுதாயம் வழங்கும் சொற்களையும் நோக்குதல் வேண்டும். இதற்கு ஜப்பானியரின் பருவச் சடங்கு தக்க சான்றாகும்.

ஜப்பானில் ஆண்மக்களுக்கு நிகழ்ந்த பழைய சடங்கு 'கென்புகு' எனப்பட்டது. இது சீன எழுத்து இரண்டால் அமைந்த சொல். முன்னது தலையையும் பின்னது உடையையும் குறிக்கும். சிறுவனின் முடியைப் பெரியவர்க்குரிய முறையில் முடிந்து, தலையணி சூட்டி, உடையை மாற்றுவதே சடங்கு என்பதைப் பெயரே உரைத்துவிடுகிறது. பின்னாளில் ஷோமு பேரரசராக விளங்கிய இளவரசருக்கு 714ஆம் ஆண்டில் இது நடந்தது. உயர்குடிப் பெண்களுக்குரிய சடங்கு 'மொகி'. 'மொ' என்னும் மடிப்பாடையை முதன்முறையாக உடுத்துவித்தல் என்பது அதன் பொருள். அவ்வாடையின் இடைக்கயிற்றைக் கட்டிவிடும் பொறுப்பு மதிப்புமிக்க ஒருவரிடம் ஒப்படைக்கப்படும். முரசாகி ஷிகிபு இயற்றிய கெஞ்சி கதையில் இவ்விரு சடங்குகளையும் காண்கிறோம். கதைத்தலைவன் கெஞ்சிக்கு 12 வயதில் கென்புகு நிகழ்கிறது.

போர்வீரர் குடிகள் தலையெடுத்த காலத்தில் இச்சடங்கில் பெயர்மாற்றம் முதன்மை பெற்றது. 'எபோஷி' என்னும் கருந்தொப்பியைச் சூட்டுபவர் 'எபோஷி ஓயா', அதாவது தொப்பிப் பெற்றோர், எனப்பட்டார். சிறுவன் தன் பிள்ளைப்பெயரை விடுத்துப் புதுப்பெயர் பெறுவான். தலைவர் ஒருவர் தம் பெயரின் எழுத்தொன்றை அவனுக்கு அளிப்பதும் உண்டு. இமகவா குடியிடம் பிணையாக வளர்ந்த தகெச்சியோ என்னும் சிறுவன் 1555இல் மொதொநொபு ஆனான்; பின்னர் மொதொயாசு ஆனான். இவ்விரு பெயர்களிலும் உள்ள 'மொதோ' தலைவர் இமகவா யொஷிமொதோ அளித்தது. அத்தலைவர் 1560இல் போரில் மடிந்தார். 1563இல் அவ்வீரர் 'மொதோ'வை நீக்கி இயெயாசு எனப் பெயர் பூண்டார். அவரே பின்னாளில் தொகுகவா ஆட்சியை நிறுவியவர். சடங்கில் பெற்ற எழுத்து ஓர் உறவின் முத்திரை. அதை நீக்குதல் அவ்வுறவை முறித்தலாகும். இதனைக் கண்டோர் அனைவரும் அறிந்திருப்பர்.

எளிய மக்களிடையே வேறு வழக்குகள் இருந்தன. அரிசி மூட்டையைச் சுமக்க வல்லவனையே முழு ஆளாகக் கொண்ட ஊர்களும் உண்டு. 'இச்சினின்மாஎ' என்னும் சொல் 'ஓர் ஆளின் பங்கு' எனப் பொருள்படும்; தகுதி நிரம்பியவரை இன்றும் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். இவ்வழக்குகள் யாவற்றிலும் வயது நெகிழ்வாகவே இருந்தது. ஏற்பவர் யார் என்பதே பெரிதாகக் கருதப்பட்டது.

மெய்ஜி அரசு 1876இல் 20 வயதே முழு வயது என ஆணையிட்டது. அதன்பின் வயதுவருதற்குத் தொப்பிப் பெற்றோரும் வேண்டியதில்லை, புதுப்பெயரும் வேண்டியதில்லை, நாட்காட்டியே போதுமானதாயிற்று. சட்டம் எண்ணைத் தந்தது, ஏற்பவர் மறைந்தார்.

அவ்விடத்தை மீண்டும் நிரப்பியது சைத்தாமா மாவட்டத்து வராபி என்னும் ஊர். போரில் தோற்று, வறுமையும் சோர்வும் சூழ்ந்திருந்த 1946 நவம்பரில், அவ்வூர் இளைஞர் மன்றத்தார் ஓர் இளையோர் விழாவை எடுத்தனர். அதன் தொடக்க நிகழ்ச்சியாக 20 வயதினரை ஊரார் கூடி வாழ்த்தினர். இம்முயற்சி நாடெங்கும் பரவிற்று. 1948ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் சனவரி 15ஐப் பெரியோராகும் நாளாக அறிவித்தது. 2000 முதல் அந்நாள் சனவரித் திங்களின் இரண்டாம் திங்கட்கிழமையாயிற்று. விழா 'செய்ஜின் ஷிகி' எனப் பெயர்பெற்றது. செய்ஜின் என்பதை எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்தால் 'ஆளாதல்' என வரும். வராபி ஊரார் மட்டும் தங்கள் பழைய பெயரான 'செய்னென் ஷிகி' என்பதையே இன்றும் போற்றி வருகின்றனர்.

2022 ஏப்ரல் முதல் நாளன்று முழு வயது 18 ஆகக் குறைந்தது. எனினும் பெரும்பாலான நகராட்சிகள் விழாவை 20 வயதினர்க்கே நடத்துகின்றன. 18 வயதினர்க்குச் சனவரி பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக் காலம் என்பது ஒரு காரணம். ஆனால் விழாவுக்குப் பல ஊர்கள் சூட்டிய புதுப்பெயரையும் நாம் கருதுதல் வேண்டும். அது 'ஹதாச்சி நோ ட்சுதோய்', அதாவது இருபது வயதினரின் கூடல். வயதைச் சொல்லும்போது பத்துக்கு மேற்பட்ட எண்களை ஜப்பானியர் பெரும்பாலும் சீனவழிச் சொற்களால் கூறுவர். இருபது வயதுக்கோ 'ஹதாச்சி' என்னும் சொந்தச் சொல் அன்றாடப் பேச்சில் நிலைத்திருக்கிறது. பதினெட்டுக்கு அத்தகைய தனிச்சொல் இல்லை.

சட்டம் ஈராண்டைக் குறைத்தபோதும், மக்கள் தங்கள் நாவில் பழகிய அகவையை விட்டுக்கொடுக்கவில்லை. கட்டாயப்படுத்துவோர் எவருமின்றியே ஊர்கள் இன்றும் ஆண்டுதோறும் மண்டபம் ஒழுங்குசெய்து, இளையோரை அழைத்து, வாழ்த்துரைக்கின்றன. எபோஷியைச் சூட்டிய கைகள் மறைந்தபின் அவ்வேற்பு எஞ்சியிருப்பது இந்தக் கூடலிலும் அதற்கு வழங்கும் சொல்லிலுமே என்பது நம் கருத்து.