உப்புக்கு என்ன விலை? இப்னு பதூதா கண்ட ஆப்பிரிக்கச் சந்தைகள்

பழைய பயணக் குறிப்புகளில் அரசவை வர்ணனைகளை நான் வேகமாகப் புரட்டிவிடுவேன். கடைத்தெரு வரும் இடத்தில்தான் நிற்பேன். ஓர் ஊரில் எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள் என்று தெரிந்தால், அந்த ஊர் எப்படிப் பிழைத்தது என்பது பாதி புரிந்துவிடும். அந்த விஷயத்தில் இப்னு பதூதா அலுக்கவே மாட்டார். போன இடமெல்லாம் விலை கேட்டு வைத்த மனுஷன்.

1304-இல் மொராக்கோவின் டான்ஜியரில் பிறந்தவர். டெல்லி, மாலத்தீவு என்று சுற்றி ஊர் திரும்பிய பிறகு, 1352-இல் சிஜில்மாஸா நகரத்திலிருந்து ஒரு வணிகக் கூட்டத்தோடு சஹாராவுக்குள் இறங்கினார். போக நினைத்தது மாலிப் பேரரசுக்கு.

25 நாள் பயணத்துக்குப் பிறகு தகாஸா என்ற ஊர். மரம் கிடையாது, எங்கும் மணல். வீடும் மசூதியும் உப்புப் பாளங்களால் கட்டியவை, கூரைக்கு ஒட்டகத் தோல். தண்ணீரும் உவர்ப்பு, ஈ மொய்க்கும். அங்கே குடியிருந்தவர்கள் மசூஃபா மக்களின் அடிமைகள் மட்டும்தான். மண்ணைத் தோண்டி உப்பைப் பாளம் பாளமாக வெட்டுவது அவர்கள் வேலை. சாப்பாடு? வடக்கிலிருந்து பேரீச்சம்பழம், தெற்கிலிருந்து சிறுதானியம், கூடவே ஒட்டக இறைச்சி. அவ்வளவுதான்.

இனி விலையைப் பாருங்க. பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் இருந்த வலாத்தாவில் ஓர் ஒட்டகச் சுமை உப்பு 8 முதல் 10 மித்கால் பொன். மித்கால் என்பது ஏறக்குறைய நாலேகால் கிராம். அதே சுமை மாலித் தலைநகரத்தில் 20, 30, சில சமயம் 40 மித்கால்கூடப் போகும். அங்கே உப்புதான் காசு. சிறு துண்டுகளாக அறுத்து வைத்துக்கொண்டு அதைக் கொடுத்தே சாமான் வாங்கினார்கள்.

வலாத்தாவிலிருந்து தலைநகரம் வரை வழி பத்திரமானது, கட்டுச்சோறும் வேண்டாம், பொற்காசும் வேண்டாம் என்கிறார். உப்புத் துண்டு, கண்ணாடி மணி, கிராம்பு மாதிரி கொஞ்சம் வாசனைச் சரக்கு இருந்தால் போதும். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் பெண்கள் தானியம், பால், கோழி, அரிசி, பயறு மாவு எல்லாம் கொண்டுவந்து விற்பார்களாம். வழியோரச் சில்லறை வியாபாரம் முழுக்க அவர்கள் கையில் இருந்ததுபோலத்தான் தெரிகிறது.

நைஜர் ஆற்றங்கரையின் காவோ நகரத்தில் காசு வேறு: சோழி. பல ஆண்டுகளுக்கு முன் மாலத்தீவில் காஜியாக இருந்தபோது, கடலிலிருந்து சோழி எடுப்பதை இவர் நேரில் பார்த்தவர். அங்கே ஒரு பொன் தினாருக்கு 4 லட்சம் சோழி, விலை சரிந்தால் 10 லட்சம்கூடக் கிடைக்கும். மாலியிலும் காவோவிலும் ஒரு தினாருக்கு வெறும் 1,150. குறைந்த கணக்கில் பார்த்தாலும் ஏறக்குறைய 350 மடங்கு விலை! இந்தியப் பெருங்கடல் தீவில் பொறுக்கிய ஓடு, கப்பலும் ஒட்டகமும் மாறி மாறிச் சுமந்து சஹாராவுக்குத் தெற்கே கோழி வாங்கப் பயன்பட்டிருக்கிறது. உலகம் ஒரே சந்தையானது நேற்று இன்று இல்லை.

கடைசியாகத் தகத்தா. அங்கே செம்புக் கம்பிதான் காசு. மெல்லிய கம்பிக்கு இறைச்சியும் விறகும். தடித்த கம்பிக்குத் தானியம், வெண்ணெய், கூடவே அடிமைகள். ஆமாம், வெண்ணெயும் மனிதர்களும் ஒரே பட்டியலில். இதை எழுதும்போது அவர் கை நடுங்கிய அடையாளம் எதுவும் இல்லை. படித்த அடிமைப் பெண் ஒருத்தியை விலைக்கு வாங்க அவரே அங்கே தேடி அலைந்திருக்கிறார். 1353-இல் ஊர் திரும்பப் புறப்பட்ட கூட்டத்தில் சுமார் 600 அடிமைப் பெண்கள் இருந்தார்கள் என்பதும் அவர் தரும் கணக்குதான்.

உப்பு வலாத்தாவில் ஒரு விலை, மாலியில் ஒரு விலை என்றால், தூரம்தான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அந்த விலைக்கு அடியில் தகாஸாவின் உவர்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பாளம் வெட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எத்தனை மித்கால் கிடைத்தது? எல்லாவற்றுக்கும் விலை எழுதிய இப்னு பதூதாவின் புத்தகத்தில் அந்த ஒரு கணக்கு மட்டும் இல்லை.