ரெட்டிச்சில் எழுதி, திருவொற்றியூரில் திருத்தியது

பழைய புல்லட் வைத்திருக்கும் ஒரு ஜெர்மன்காரர் தன்னிடமுள்ள பழுதுபார்ப்புக் கையேட்டைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கனடாவில் இருக்கும் இன்னொரு புல்லட்காரருக்கு அனுப்புகிறார். பதிலுக்கு அவர் சென்னையில் அச்சான உதிரிபாகப் பட்டியல் ஒன்றைத் தேடித் தருகிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பழமை மோகம், வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு. அந்தப் பார்வையில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் முக்கியமான ஒன்று அதில் விடுபட்டுப்போகிறது. நாடு விட்டு நாடு போன ஒரு இயந்திரத்துக்கு முழுமையான கையேடு எந்த ஒரு நாட்டிலும் இருப்பதில்லை. பிறந்த ஊர் ஒரு பகுதியை எழுதியிருக்கும், வாழ்ந்த ஊர் இன்னொரு பகுதியைக் கையால் மாற்றியிருக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வேலையை ஆலைகள் செய்யவில்லை. ஆர்வலர்கள்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்குப் புல்லட்டைவிட நல்ல சாட்சி கிடைக்காது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி 1930களின் தொடக்கத்திலேயே அந்தப் பெயரில் வண்டி விட்டது. நாம் அறிந்த உருவம், பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷனோடு, 1948-49இல் வந்தது. சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் 1949 முதல் ராயல் என்ஃபீல்டு வண்டிகளை விற்றது. எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட் வேண்டும் என்று இந்திய அரசு 800 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதைத் தொடர்ந்து 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பாகங்களை முதலில் இங்கே பூட்ட மட்டும் செய்தார்கள். 1957இல் பாகங்களைச் செய்வதற்கான கருவிகளும் அச்சுகளும் சென்னைக்கு விற்கப்பட்டன. 1962 வாக்கில் வண்டி முழுவதும் சென்னைத் திருவொற்றியூர் ஆலையிலேயே தயாரானது. ஏறத்தாழ அதே சமயத்தில் ரெட்டிச் அந்தப் பழைய புல்லட்டைக் கைவிட்டது. 1967இல் ரெட்டிச் ஆலையே மூடப்பட்டது. பிராட்ஃபர்டு-ஆன்-ஏவனில் நிலத்தடிக் கூடங்களில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத் தயாரிப்பும் 1970இல் நின்றது. பிறந்த வீடு இடிந்துபோன பிறகும் புகுந்த வீட்டில் அந்த வண்டி இன்னும் நாற்பது ஆண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் வாழ்ந்தது.

பெரிய மாற்றமில்லாமல் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஸ்பேனரை எடுத்து உட்கார்ந்தால்தான் சங்கதி தெரியும். ரெட்டிச் கையேடு ஒரு பிரிட்டிஷ் டீலரின் ஒர்க்‌ஷாப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கிளட்சைக் கழற்ற, மேக்னெட்டோ பினியனை இழுக்க, அதற்கென்றே செய்த கருவிகள் அங்கே சுவரில் தொங்கும் என்று அது நம்பியது. போல்ட்டுகளும் நட்டுகளும் பிரிட்டிஷ் மரைகளில் இருந்தன. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. சைக்கிள் தொழிலிலிருந்து வந்த இன்னொரு மரைக்குக் கோணம் 60 டிகிரி, அங்குலத்துக்கு 26 சுற்று. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் அளவு நட்டின் இரு முகங்களுக்கு இடைப்பட்ட தூரம் அல்ல, போல்ட்டின் விட்டம். இது தெரியாமல் எண்ணை மட்டும் நம்பி ஸ்பேனர் தேடுகிறவருக்குத் தலை சுற்றும். இந்தியா 1950களின் பிற்பகுதியில் மெட்ரிக் முறைக்கு வந்தது. திருவொற்றியூர் வண்டியில் மெட்ரிக் மரைகள் ஒவ்வொன்றாகப் புகுந்தன, பழையவை எல்லாம் போய்விடவும் இல்லை. ஒரே எஞ்சினில் இரண்டு உலகத்து நட்டுகள். எது எந்த ஆண்டில் மாறியது என்பதை ரெட்டிச் ஏடு சொல்ல முடியாது, ரெட்டிச்சே அப்போது இல்லை. அமல் கார்புரேட்டர் போய் மிக்கார்ப் வந்தது, 6 வோல்ட் 12 ஆனது. வலது காலில் இருந்த நான்கு கியர் 2000களில் இடது காலுக்குப் போய் ஐந்து கியர் ஆனது. இங்கிலாந்துக் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு 1985ஆம் ஆண்டு வண்டியைத் திறப்பவர் பாதி வழி சரியாகப் போவார், மீதிப் பாதியில் வழி தவறுவார்.

ஒரே வரைபடத்திலிருந்து வந்த வண்டிகளுக்கு ஒரே கையேடு போதாது என்பதற்குப் புல்லட்டை விடப் பழைய உதாரணமும் உண்டு. ஜெர்மனியின் சோப்பாவ் ஊரில் டிகேடபிள்யூ செய்த ஆர்டி 125, ஹெர்மன் வேபர் வடிவமைத்த சிறிய டூ-ஸ்ட்ரோக் வண்டி. இரண்டாம் உலகப் போரில் தோற்ற நாட்டிடமிருந்து வென்ற நாடுகள் இழப்பீடாக எடுத்துக்கொண்டவற்றில் அதன் வரைபடங்களும் இருந்தன. சோவியத் நாட்டில் அது 1946இல் மாஸ்க்வா ஆனது. அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சன் அதிலிருந்து ஒரு 125 சிசி வண்டி செய்தது. இங்கிலாந்தில் 1948இல் பிஎஸ்ஏ பேன்டம் வந்தது. ஜப்பானில் யமஹாவின் முதல் வண்டியான 1955ஆம் ஆண்டு ஒய்ஏ-1ம் அதே வழிவந்தது. ஆனால் பிரிட்டிஷ்காரர்களுக்குக் கியர் வலது காலில் இருக்க வேண்டும், ஆகவே பிஎஸ்ஏ வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பிவிட்டது. மில்லிமீட்டர்கள் அங்குலங்களாயின. சோப்பாவ் கையேட்டின் படத்தைப் பார்த்துப் பேன்டமைக் கழற்றுகிறவர் கிளட்சைத் தேட வேண்டிய பக்கத்தில் வேறெதையோ காண்பார். உறவு உண்மை, ஆனால் ஒரு நாட்டின் ஏடு அடுத்த நாட்டில் அப்படியே செல்லுபடி ஆகாது.

இந்தத் தொழிலில் காகிதம் எல்லை கடந்தது விதிவிலக்கு அல்ல, அதுவே வழக்கம். செக் நாட்டின் ஜாவா 1929இல் ஜெர்மன் வாண்டரரின் உரிமத்தில் பிறந்து, 1960களின் தொடக்கத்தில் மைசூருக்கு உரிமம் கொடுத்தது. எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் போலந்தின் எஸ்எச்எல் வண்டியிலிருந்து வந்தது. 1955 முதல் சில ஆண்டுகள் ரெட்டிச் வண்டிகள் அமெரிக்காவில் ‘இந்தியன்’ என்ற பழைய அமெரிக்க நிறுவனத்தின் பெயர்ப்பலகையோடு விற்கப்பட்டன. இந்தியாவில் செய்த என்ஃபீல்டு அங்கே போய்ச் சேரப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின என்பது வேடிக்கை. அப்படிப்பட்ட ‘இந்தியன்’ ஒன்றைக் கலிஃபோர்னியாவில் வாங்கியவர் அமெரிக்கக் கையேட்டைத் தேடினால் பயனில்லை, ரெட்டிச்சுடையதைத் தேட வேண்டும். அன்று நிறுவனங்கள் உரிமத் தொகை வாங்கிக்கொண்டு அனுப்பிய காகிதத்தை இன்று தனிமனிதர்கள் தபால் செலவில் அனுப்புகிறார்கள்.

1977இல் சென்னை புல்லட் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானபோது காகிதமும் அறிவும் திரும்பிப் பயணம் செய்யத் தொடங்கின. ரெட்டிச்சை மறந்துபோன நாட்டுக்கு ரெட்டிச் வண்டி புதிதாக வந்து இறங்கியது. அதிக வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அதன் பலவீனங்கள் சீக்கிரம் தெரிந்தன. கனெக்டிங் ராடின் கீழ் முனையில் ரெட்டிச் வைத்தது மிதக்கும் புஷ். எண்ணெய் நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் அது நல்ல ஏற்பாடுதான். சென்னையின் மிதவேகத்துக்குப் போதுமானதாக இருந்த அதை வெளிநாட்டில் பலர் கழற்றிவிட்டு ரோலர் பேரிங் போட்டார்கள். எப்படிப் போடுவது என்று எழுதியும் வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் ரெட்டிச் ஏட்டிலும் கிடையாது, திருவொற்றியூர் ஏட்டிலும் கிடையாது. இன்று நம்மூரில் எஞ்சினைப் பிரிக்கும் இளைஞர் ஒருவர் அவற்றைப் படிக்கிறார் என்றால், 1955இல் ஒருவழிப் பாதையாக இருந்தது இருவழியாகிவிட்டது என்று பொருள்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானதும்கூட. புல்லட்டை இத்தனை காலம் ஓட வைத்தது காகிதமா, மெக்கானிக்குகளின் கையா? சென்னை புதுப்பேட்டையிலும் தில்லி கரோல்பாக்கிலும் இந்த வண்டியைப் பிரித்துப் பூட்டியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலக் கையேட்டைத் திறந்ததே இல்லை. டேப்பெட் சரிசெய்ய அவர்களுக்கு ஃபீலர் கேஜ் தேவைப்படவில்லை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும், புஷ்ராட் விரலால் தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான். இதைக் குருவிடம் பார்த்துச் சீடன் கற்றான். மறுப்பை நான் ஏற்கிறேன், அதன் முடிவை அல்ல. ரெட்டிச் கையேடு சொல்வதும் இதே முறைதான். எங்கோ ஒரு தலைமுறையில் யாரோ அந்த ஏட்டை வாசித்து, அல்லது வாசித்தவரிடம் கேட்டு, கைக்கு மாற்றியிருக்கிறார்கள். கைவழி அறிவு வண்டிகள் நெருங்கியிருக்கும் தெருக்களில்தான் செழிக்கும். சுற்றுவட்டாரத்தில் வேறு புல்லட்டே இல்லாத நார்வே கிராமத்தில் சீடனாகச் சேர ஒரு பட்டறை கிடையாது. நம்மிடமும் அந்தத் தெரு நிரந்தரமல்ல. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் 2010ஐ ஒட்டி விடைபெற்றது, அதன் இடத்துக்கு வந்த எஞ்சினில் டேப்பெட்டைக் கையால் சரிசெய்யும் வேலையே இருக்கவில்லை. கற்றுக்கொள்ள வேலை வராத பட்டறையில் கைப்பழக்கம் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்காது.

புல்லட்டுக்காவது எண்ணிக்கை பலம் இருக்கிறது. 1980களில் என்ஃபீல்டு இந்தியா ராணிப்பேட்டையில் செய்த ஃபியூரி 175ஐப் பாருங்கள். முன்சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வைத்த அந்த வண்டி ஜெர்மன் சுண்டாப்பின் உரிமத்தில் வந்தது. சுண்டாப் 1984இல் திவாலாகி, அதன் இயந்திரங்கள் சீனாவுக்குப் போயின. ஃபியூரியும் இங்கே நெடுநாள் நிற்கவில்லை. வேலூர்ப் பக்கம் ஒன்றை வைத்திருப்பவருக்கு இன்று நம்பகமான துணை, எங்கோ ஒரு ஜெர்மன் சுண்டாப்காரர் பாதுகாத்து வைத்திருக்கும் ஜெர்மன் மொழி ஏடுதான்.

அடுத்த மறுப்பு உரிமை பற்றியது. அச்சிட்டவனுக்குச் சேர வேண்டியதை அள்ளி வழங்க இவர்கள் யார்? இங்கே எல்லாப் புத்தகத்தையும் ஒரே கூடையில் போட முடியாது. ஹெய்ன்ஸ் போன்ற பதிப்பகங்கள் ஒரு வண்டியை விலைக்கு வாங்கி, பிரித்து, படமெடுத்து எழுதி விற்பவை. அந்தப் புத்தகத்தை ஸ்கேன் செய்து பரப்புவது ஒருவர் பிழைப்பில் கை வைப்பதுதான். பிட்மன் பதிப்பகத்துக்காக ஹேகிராஃப்ட் எழுதிய ராயல் என்ஃபீல்டு புத்தகத்தைப் போல ஆசிரியர் பெயரோடு வந்தவற்றுக்கு அவர் ஆயுளை ஒட்டிக் காலம் கணக்கிட வேண்டும். ஆலைக் கையேடுகள் வேறு வகை. பெரும்பாலும் எழுதியவர் பெயரில்லாமல், வண்டியை விற்பதற்குத் துணையாக அச்சானவை. பெயரில்லாமல் வெளியான எழுத்துக்கு இந்தியச் சட்டம் தரும் காலம் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு, பிரிட்டனில் 70. 1950இல் ரெட்டிச் வெளியிட்ட ஒரு கையேடு இரண்டு கணக்கிலும் பொதுச்சொத்து. 1970களின் ஏடுகள் இன்னும் அப்படி ஆகவில்லை என்பதை ஆர்வலர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள், அது குறைதான். ஆனால் பாதுகாத்தது யார் என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. பிரிட்டனில் 1946இல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் கையேடுகளையும், மூடப்பட்ட ஆலைகளின் பதிவேடுகளையும் தன் நூலகத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக் காப்பாற்றியவர்கள் வண்டி ஓட்டியவர்கள்தான்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது பிழை. பகிரப்படும் ஸ்கேன்களில் அட்டை இருக்காது, ஆண்டு இருக்காது. மேக்னெட்டோ வண்டிக்கான இக்னிஷன் டைமிங் அளவைக் காயில் இக்னிஷன் வண்டிக்கு வைத்துவிட்டு, கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம்பார்த்த பிறகு கையேட்டைத் திட்டுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லும் முன் எஞ்சின் எண்ணைக் கேட்பது இதனால்தான். அதற்கு அடுத்த படியாக அவர்கள் திரட்ட வேண்டியது திருவொற்றியூரின் உதிரிபாகப் பட்டியல்கள், ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒன்றாக. கையேடு பலமுறை மாற்றமில்லாமல் மறுபதிப்பாகும், ஆனால் பாகத்தின் எண் மாறினால் பட்டியலில் அது பதிவாகியே தீரும், இல்லாவிட்டால் டீலருக்குச் சரக்குப் போகாது. எந்த ஆண்டில் எந்த நட்டு மெட்ரிக்குக்குப் போனது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. எண்ணெய்க் கறையோடு இருக்கும் அந்த மெல்லிய பட்டியல்களைப் பழைய ஸ்பேர்பார்ட்ஸ் கடைகள் இடமில்லை என்று எடைக்குப் போடுவதற்கு முன் ஸ்கேன் செய்துவிட வேண்டும். இந்த வேலையைச் செய்ய பர்மிங்காமில் இருப்பவரைவிட சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக் கடைகளுக்கு நடந்தே போகக்கூடியவருக்கு வசதி அதிகம்.