வருதலும் செல்லுதலும்: எட்டு பிட் கணினிகளில் சுடும் விளையாட்டுகள்

சுடும் விளையாட்டுகளைப் பற்றி எழுதுவோர் அவற்றைப் பிரித்துக் காட்ட இலக்கணத்திலிருந்து இரண்டு சொற்களைக் கடன் வாங்கியுள்ளனர். களம் ஆடுபவரின் கண்வழியே தெரிந்தால் அது தன்மை நோக்கு. ஆடுபவர் இயக்கும் உருவமும் திரையில் தெரிந்தால் அது படர்க்கை நோக்கு. தன்மை நோக்கின் வரலாறு வழக்கமாக 1992இல் ஐடி சாஃப்ட்வேர் உருவாக்கிய வூல்ஃபன்ஸ்டைன் 3டி, 1993 டிசம்பரில் வந்த டூம் ஆகிய இரண்டிலிருந்து தொடங்குகிறது. அவற்றுக்கு முன் பத்தாண்டுகளுக்கும் மேலாக வீட்டுக் கணினிகளில் நடந்தவை 'முன்னோடி முயற்சிகள்' என்ற பெயரில் ஒரு பத்திக்குள் அடங்கிவிடுகின்றன. முன்னோடி என்ற சொல் மதிப்பளிப்பதுபோல் தோன்றினும், பின்னால் வந்ததை எட்டாமல் பாதியில் நின்றவை என்ற தீர்ப்பும் அதற்குள் இருக்கிறது. அந்த விளையாட்டுகளை அவற்றின் காலத்துக்குள்ளேயே, அவற்றின் இயந்திரங்களோடு சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் வரலாறு வேறு.

முதலில் இயந்திரம். எட்டு பிட் செயலி ஒரு தடவையில் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணைக் கையாளும். 1982இல் பிரிட்டனில் வெளிவந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமில் இருந்தது 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய இசட்80 செயலி. அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த கமடோர் 64இல் இருந்தது ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய 6510. இரண்டுக்கும் கூட்டவும் கழிக்கவும் தெரியும். பெருக்கவோ வகுக்கவோ தனிக் கட்டளை கிடையாது. தொலைவில் உள்ளதைச் சிறிதாகவும் அருகில் உள்ளதைப் பெரிதாகவும் காட்ட வேண்டுமானால் அளவைத் தொலைவால் வகுத்தாக வேண்டும். அந்த வகுத்தலை நிரலாளர் கூட்டல் கழித்தலாகப் பிரித்து எழுத வேண்டும். அல்லது விடைகளை முன்கூட்டியே கணித்து அட்டவணையாக நினைவகத்தில் வைக்க வேண்டும். முதல் வழி நேரத்தைத் தின்னும். இரண்டாவது இடத்தைத் தின்னும்.

அடுத்தது திரை. ஸ்பெக்ட்ரமின் திரையில் 256க்கு 192 புள்ளிகள். அவற்றுக்கு 6144 பைட்டும் வண்ணத்துக்கு 768 பைட்டும் தேவை. படர்க்கை நோக்கில், திரை உருளாமல் நிற்கும் ஒரு களத்தில், பின்னணியைத் தொடாமல் ஆளை மட்டும் அழித்து வரைந்தால் போதும். 16க்கு 16 புள்ளி கொண்ட ஓர் உருவம் 32 பைட் மட்டுமே. தன்மை நோக்கில் ஆடுபவர் தலையைச் சற்றுத் திருப்பினாலும் கண்ணெதிரே உள்ள அனைத்தும் மாறுகின்றன. 6144 பைட்டும் புதிதாக எழுதப்பட வேண்டும். கமடோர் 64இல் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. எட்டு உருவங்களைப் பின்னணியைக் கலைக்காமல் நகர்த்த அதன் காட்சிச் சில்லிலேயே வசதி உண்டு. அதாவது, அந்த இயந்திரம் பிறக்கும்போதே படர்க்கையின் பக்கம் சாய்ந்திருந்தது. யாருடைய கண்ணால் பார்ப்பது என்பது கதைசொல்லலின் கேள்வியாக ஆவதற்கு முன்பே பைட் கணக்கின் கேள்வியாக இருந்தது.

இந்தக் கணக்கிலிருந்து தப்புவதற்கு முதலில் கிடைத்த வழி விண்வெளி. அட்டாரி 400, 800 கணினிகளுக்காக டக் நியூபாவர் எழுதி 1980 வாக்கில் புழக்கத்துக்கு வந்த ஸ்டார் ரெய்டர்ஸ் 8 கிலோபைட் கார்ட்ரிட்ஜில் அடங்கியது. கப்பலின் முன்பக்கமும் பின்பக்கமும் பார்க்கலாம். எதிரிக் கப்பல்களைச் சுடலாம். பின்னணி கறுப்பு. வரைய வேண்டியவை சில புள்ளிகளும் ஓரிரு உருவங்களும் மட்டுமே. வெறுமைக்குச் சுவர் கிடையாது; சுவர் இல்லாத இடத்தைக் காட்டச் செலவும் இல்லை. 1984இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பிபிசி மைக்ரோ கணினிக்கு எழுதிய எலைட் இதே வெறுமையில் கோட்டுருவக் கப்பல்களைச் சுழலவிட்டது. 32 கிலோபைட் நினைவகத்துக்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். இவை சேமித்து வைக்கப்பட்டவை அல்ல. சில தொடக்க எண்களிலிருந்து தேவைப்படும்போது கணக்கிட்டுப் பெறப்பட்டவை. (இந்தியப் பள்ளிகளில் 1980களின் நடுவில் நடுவணரசின் கிளாஸ் திட்டம் கொண்டுசேர்த்ததும் இதே பிபிசி மைக்ரோதான்.)

எலைட்டின் நிரலில் மொழியியலார் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஆடுபவரின் கப்பல் எங்கும் நகர்வதில்லை. அது எப்போதும் ஆயங்களின் தொடக்கப் புள்ளியிலேயே நிற்கிறது. ஆடுபவர் முன்னேறினால் மற்ற எல்லாப் பொருள்களின் தொலைவும் குறைக்கப்படுகிறது. அவர் திரும்பினால் உலகம் எதிர்த்திசையில் சுழற்றப்படுகிறது. தொல்காப்பியக் கிளவியாக்கம் வருதலையும் தருதலையும் தன்மை, முன்னிலைக்கு உரியனவாகவும், செல்லுதலையும் கொடுத்தலையும் படர்க்கைக்கு உரியனவாகவும் பிரிக்கிறது. பேசுவோன் நிற்குமிடமே மையம். அதை நோக்கியது வரவு, அதிலிருந்து விலகியது செலவு. எலைட் அப்படியே இயங்குகிறது. 'நான் செல்கிறேன்' என்பதற்கு அந்த நிரலில் இடமில்லை, உலகம் வருகிறது.

சுவர்கள் உள்ள இடத்தில் தன்மை நோக்கைக் கொண்டுவருவது இதைவிடக் கடினம். அதைத் துணிந்து செய்தது மிக எளிய இயந்திரங்களுள் ஒன்றான இசட்எக்ஸ்81. 1981 மார்ச்சில் விற்பனைக்கு வந்தபோது அதன் நினைவகம் 1 கிலோபைட். வண்ணமில்லை, ஒலியில்லை. திரையை இடையறாது காட்டும் நிலையில் செயலியின் நேரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு திரைக்கே போய்விடும். 16 கிலோபைட் இணைப்புப் பெட்டி பொருத்திய இந்தக் கணினிக்கு மால்கம் எவன்ஸ் எழுதிய 3டி மான்ஸ்டர் மேஸ் விளையாட்டில் ஆடுபவர் ஒரு புதிர்வழிக்குள் நிற்கிறார். ஒரு டைரனோசரஸ் அவரைத் தேடுகிறது. கையில் துப்பாக்கி கிடையாது, ஓடலாம், அவ்வளவே. எனினும் பின்னாளைய சுடும் விளையாட்டுகளின் அச்சம் முழுவதும் இதில் இருக்கிறது.

அந்த அச்சத்தின் பாதி சொற்களிலிருந்து வருகிறது. விலங்கு அசையாமல் காத்திருக்கிறது, உன்னைத் தேடுகிறது, காலடி நெருங்குகிறது, உன்னைப் பார்த்துவிட்டது, ஓடு, உனக்குப் பின்னால் நிற்கிறது என்று திரையின் அடியில் வரிகள் மாறிக்கொண்டே இருக்கும். தன்மை நோக்கின் படத்தால் முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் காட்ட முடியாது. ஒலியும் இல்லாததால் அந்தக் குறையை நிரப்ப மொழி வந்தது. மூவிடமும் ஒரே திரையில் கூடின: படம் தன்மை, கட்டளை முன்னிலை, விலங்கு படர்க்கை.

புதிர்வழிக்குள் துப்பாக்கியையும் கொண்டுவந்தவற்றுள் ஒன்று, 1982இல் டிஆர்எஸ்-80 கலர் கம்ப்யூட்டருக்காகக் கென் காலிஷ் எழுதிய ஃபேன்டம் ஸ்லேயர். வழிகளில் உலவும் உருவங்களைத் தொடுமுன் சுட்டாக வேண்டும். அக்கணினியின் 6809 செயலிக்குப் பெருக்கல் கட்டளை உண்டு என்பதும் குறிப்பிடத்தக்கது. அடுத்த ஆண்டு மைக்ரோமெகா வெளியிட்ட, மெர்வின் எஸ்ட்கோர்ட் எழுதிய 3டி டெத்சேஸ் 16 கிலோபைட் ஸ்பெக்ட்ரமிலேயே ஓடியது. காட்டுக்குள் மோட்டார் சைக்கிளில் இரு எதிரிகளைத் துரத்திச் சுட வேண்டும். திரையின் அடியில் கைப்பிடியும் அதைப் பற்றிய கைகளும்; எதிரே மரங்கள் சிறிதாகத் தோன்றிப் பெரிதாகிக் கடந்து போகும். இங்கு நிலம் இல்லை, மேடுபள்ளம் இல்லை, வழி இல்லை. மரங்கள் வருகின்றன, அவ்வளவுதான். வரவு என்ற ஒரே வினையை வைத்து ஒரு விளையாட்டு கட்டப்பட்டிருக்கிறது. யுவர் சின்க்ளேர் இதழ் 1990களின் தொடக்கத்தில் ஸ்பெக்ட்ரமின் சிறந்த நூறு விளையாட்டுகளைத் தொகுத்தபோது முதலிடம் இதற்கே தரப்பட்டது.

அதே 1983இல் செலவின் பக்கமும் வளர்ந்தது. எடின்பரோவைச் சேர்ந்த சிற்பி சாண்டி ஒயிட் எழுதி, குவிக்சில்வா வெளியிட்ட 3டி ஆன்ட் அட்டாக், ஆன்டெஷர் என்ற மதில் சூழ்ந்த நகரைக் காட்டுகிறது. நகரின் பரப்பு 128க்கு 128 கட்டங்கள்; உயரம் ஆறு அடுக்கு. ஒரு கட்டத்துக்கு ஒரு பைட், அதன் ஆறு பிட்டுகள் ஆறு அடுக்குகளைக் குறிக்கும். இவ்வாறு முழு நகரமும் 16 கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. ஆணாகவோ பெண்ணாகவோ ஆடுபவர் உள்ளே புகுந்து, எறும்புகளைக் கையெறி குண்டால் தடுத்து, சிக்கியவரை மீட்டு வர வேண்டும். உருவம் மதில் மறைவில் போய்விட்டால் நான்கு திசைகளில் ஒன்றிலிருந்து காட்சியை மாற்றிப் பார்க்கலாம். கமடோர் 64இல் பால் நார்மனின் ஃபர்பிடன் ஃபாரஸ்ட் ஒரு வில்லாளியைக் காட்டில் நிறுத்தி, பெருஞ்சிலந்திகளையும் பறவைநாகத்தையும் எதிர்கொள்ள வைத்தது. இவ்விரண்டிலும் ஆள் செல்கிறான், நிலம் நிற்கிறது.

இங்கே பெயர்களைக் கவனிக்க வேண்டும். மான்ஸ்டர் மேஸ், டெத்சேஸ், ஆன்ட் அட்டாக் மூன்றும் தம் பெயருக்கு முன் சூடிக்கொண்டது '3டி' என்ற அடைமொழியையே. முதல் இரண்டும் தன்மை நோக்கு; மூன்றாவது படர்க்கை. அந்த வேறுபாட்டை அன்றைய அட்டைப்படமும் விளம்பரமும் பொருட்படுத்தவில்லை. தட்டையான திரையில் ஆழம் தோன்றுவதே விற்கத்தக்க அதிசயமாக இருந்தது. 1990களில் டூமைப் போன்றவை முதலில் 'டூம் நகல்கள்' என்றே அழைக்கப்பட்டன. இடப்பெயர் சார்ந்த வகைமை அதற்குப் பிறகே நிலைபெற்றது. ஆழம் இயல்பாகிவிட்ட பின்னரே யாருடைய கண் என்ற கேள்வி பெயராகும் தகுதியைப் பெற்றது. பின்னாளைய வகைமையை முன்னாளைய நூறு விளையாட்டுகள் மேல் ஒட்டி, இது அந்த வகையின் முதலாவதா என்று கேட்பது அக்காலத்தார் கேட்காத கேள்வி.

அவர்கள் கேட்டது, தன்மை நோக்கின் அறியாமையை என்ன செய்வது என்பதே. 1985இல் வெளியான லூகாஸ்ஃபில்ம் கேம்ஸின் ரெஸ்க்யூ ஆன் ஃபிராக்டலஸ் இதற்குத் தந்த விடை குறிப்பிடத்தக்கது. டேவிட் ஃபாக்ஸ் குழுவினர், லாரன் கார்ப்பென்டரின் ஃபிராக்டல் முறையை அட்டாரி எட்டு பிட் கணினிக்குள் சுருக்கி மலைகளை உருவாக்கினர். பீரங்கிகளைச் சுட்டழித்து, விழுந்து கிடக்கும் விமானிகளருகே இறங்கிக் காத்திருக்க வேண்டும். ஒருவர் ஓடி வருவார், கதவைத் தட்டுவார். சில வேளை வருவது விமானி உடையணிந்த பகைவன். அவன் முன்கண்ணாடியின் மேல் பாய்வான். படர்க்கையில் காட்டியிருந்தால் தட்டுபவன் யாரென்று ஆடுபவர் பார்த்திருப்பார். இங்கே கதவுக்கு அப்பால் கண் போகாது. அதிக விலை கொடுத்து வாங்கிய நோக்கு குறைவாகவே காட்டுகிறது. அந்தக் குறைவுதான் விளையாட்டு.

1987இல் பிரிட்டனின் இன்சென்டிவ் சாஃப்ட்வேர் வெளியிட்ட டிரில்லர், ஃப்ரீஸ்கேப் என்ற முறையில் கோடுகளை விட்டு நிரப்பிய பரப்புகளால் உலகைக் கட்டியது. அதன் சுற்றிலும் கருவிப் பலகை வரையப்பட்டு, மாறும் காட்சி ஒரு சன்னலளவுக்குக் குறுக்கப்பட்டது. அப்படியும் ஒரு படத்தை வரைந்து முடிக்கச் சில இடங்களில் ஒரு நொடிக்கும் மேலாகும். விரைந்து சுடுவது இயலாது. எனவே நகர்வதும் குறிபார்ப்பதும் தனித்தனி நிலைகளாயின: நின்று, குறிமுனையைத் திரையில் நகர்த்தி, பிறகு சுட வேண்டும். மித்ரல் என்ற நிலவின் 18 பகுதிகளில் எங்கே துளையிடுவது என்பதை ஆராய்ந்து கண்டறிவதே ஆட்டம். சுடுதல் இங்கு ஒரு சிந்தனைச் செயலாகிறது. வேகம் கிடைக்காததால் பொறுமை உள்ளே வந்தது.

இன்று இவ்விளையாட்டுகளை ஆய்வு செய்வோர் பெரும்பாலும் போலிப்பி நிரல்களிலேயே அவற்றை இயக்குகின்றனர். ஒரு விசையை அழுத்தினால் செயலியின் வேகத்தைப் பன்மடங்காக்கலாம். டிரில்லர் அப்போது வழுவழுப்பாக ஓடும். டூமுக்கு நெருங்கிய உறவினர்போலவும் தோன்றும். அந்த நெருக்கம் விசையால் வந்தது. 1987இல் ஒருவர் ஒலிநாடாவிலிருந்து நிமிடக்கணக்கில் ஏற்றி, ஒவ்வொரு படமும் வரையப்படும் வரை காத்திருந்து, அடுத்த அடியை யோசித்தார். ஆய்வேட்டில் இடம்பெற வேண்டியது அந்தக் காத்திருப்பு. வேகத்தை மூல அளவில் வைத்து ஆடிப் பார்த்த பிறகே அவ்விளையாட்டு மெதுவானதா, நிதானமானதா என்று எழுதுவதற்கு ஒருவருக்கு உரிமை பிறக்கிறது.