பல கைகளின் எழுத்து

லினக்ஸின் சரித்திரம் எழுதுகிறவர்கள் நிரலின் வளர்ச்சியைப் பேசுகிறார்கள். அதை யார் எப்படி எடுத்தாளலாம் என்று விதித்த உரிமம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1991 செப்டம்பரில் ஹெல்சின்கி மாணவரான லினுஸ் டோர்வால்ட்ஸ் முதல் பிரதியை வெளியிட்டபோது, உரிமத்தைத் தாமே எழுதிக்கொண்டார். மூலநிரல் முழுவதையும் தர வேண்டும்; காசு வாங்கக் கூடாது, கைச்செலவு என்ற பெயரில்கூட. லட்சியவாதியின் நிபந்தனைதான். ஆனால் நெட்வொர்க் வசதி இல்லாத ஒருவனுக்கு நகலெடுத்துக் கொடுப்பவன் ஃப்ளாப்பியின் விலையைத் தன் பையிலிருந்து போட வேண்டியதாயிற்று. (தபால் செலவுக்குச் சந்தா கேட்டு எழுதும் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) இது பற்றிக் கேள்விகள் வரவே, 1992இல் அவர் ரிச்சர்ட் ஸ்டால்மனின் ஜிபிஎல் உரிமத்துக்கு, அதன் இரண்டாம் வடிவத்துக்கு, மாறினார். இனி விற்கலாம், வாங்கியவனுக்கு மூலநிரலும் அதைத் திருத்தி மறுபடி விநியோகிக்கும் உரிமையும் சேர்ந்தே போக வேண்டும். காசின் மேலிருந்த தடை போயிற்று. மறைத்து வைப்பதன் மேலிருந்த தடை நின்றது.

அன்று எழுதிய கைகள் கொஞ்சம், ஆகவே மாற்ற முடிந்தது. பிறகு ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். யாரும் தம் பதிப்புரிமையை ஒரே இடத்துக்கு எழுதிக் கொடுக்கவில்லை. 2007இல் ஜிபிஎல்லின் மூன்றாம் வடிவம் வந்தபோது லினக்ஸ் அசையவில்லை. டோர்வால்ட்ஸுக்கே அதில் விருப்பமில்லை என்பது உண்மை. விருப்பம் இருந்திருந்தாலும் ஒவ்வொருவரிடமும், இறந்துபோனவர்களின் வாரிசுகளிடமும், சம்மதம் கேட்டு அலைந்திருக்க வேண்டும். இதை ஒரு நிர்வாகச் சிக்கலாகவே பார்க்கிறார்கள். எழுதியவனின் பிடி இன்னும் எழுத்தின் மேல் இருப்பதன் அடையாளமாகவே எனக்குத் தோன்றுகிறது.

ரெடிஸின் கதை வேறு. 2009இல் தோன்றிய அதன் பிஎஸ்டி உரிமம் தாராளமானது. வெளியார் எழுதித் தந்த வரிகளையும் வேறு நிபந்தனைக்குள் கொண்டுபோக யாரையும் கேட்கத் தேவையில்லை. 2024 மார்ச்சில் அதே பெயர் கொண்ட கம்பெனி, புதிய பதிப்புகளைக் கட்டுப்பாடுள்ள உரிமங்களுக்கு மாற்றியது. பெரிய கிளவுட் கம்பெனிகள் அடுத்தவர் உழைப்பை விற்றுப் பிழைக்கின்றன என்ற அதன் புகாரில் நியாயம் இல்லாமலில்லை. எழுதியவர்களில் சிலர் சில நாட்களிலேயே பழைய நிரலைப் பிரித்தெடுத்து வால்கி என்று பெயரிட்டார்கள். 2025 மேயில் கம்பெனி ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்துத் திரும்பி வந்தது. வால்கி பழைய பிஎஸ்டி உரிமத்திலேயே தொடர்ந்தது.